நண்பன் புலம்பல், பக்கம் பதினான்கு

கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் தில்லையம்பலம் சிரித்துக்கொண்டிருந்தான். செத்துப்போன மனிசன் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று கனகலிங்கத்துக்குப் பட்டது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக இருந்திருப்பான். இது ஆரோ கலியாணவீட்டில் எடுத்த படம், பல்லு முப்பத்திரண்டும் தெரிகிறது, எனக்கொரு விஷயம் தெரியுமே, சொல்லட்டோ சொல்லட்டோ என்கிற சிரிப்பு. ஸ்காபரோவில் ஒரு மண்டபம், பகல் பதினொன்றரை, முந்நூறு கதிரை, கதிரைக்கு ஒரு புத்தகம். விடியவே கோயிலில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்துவிட்டது. இனிச் சாப்பாட்டுக்கு முன்னால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: செத்தவரின் சரித்திரத்தைப் பண்டிதர் ஒருவர் பாட்டாகக் கட்டிப் புத்தகமாக அடித்திருக்கிறாரே, அந்தக் கல்வெட்டைக் குரலுள்ள ஒரு ஆள் சபையில் பாடிப் படிக்க வேண்டும். அந்தக் குரலுள்ள ஆள் கனகலிங்கம். கனகலிங்கம் என்றால் இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. உருக்கக்குரல் கனகா என்றால் அறுபது தாண்டியவர்களுக்குத் தெரியும். விக்கல் கனகு என்றால் அவர்களுக்கு இன்னும் வடிவாகத் தெரியும். "இஞ்சாருங்கோ, புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு என்னத்தை வாசிக்கிறியள்?" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த அரசி முழங்கையால் இடித்தாள். ஐம்பது வருசமாக இடிக்கிற முழங்கை. அவர் புத்தகத்தைத் திருப்பினார். தில்லையம்பலம் நேராகி, இன்னும் கொஞ்சம் கூடச் சிரித்தான்.

பக்கம் பதினான்கைத் திறக்கத்தான் கை வரவில்லை. மற்றதெல்லாம் பார்த்தாயிற்று. முதலாம் பக்கம் விநாயகர், இரண்டாம் பக்கம் கொக்குவில் ஊரின் வளம், வயல் இல்லாத ஊருக்குப் பண்டிதர் வயல் வைத்து வரால் மீனையும் துள்ள விட்டிருக்கிறார், வைக்கட்டும். ஐந்தில் வம்சம், எட்டில் மனைவி புலம்பல், பத்தில் மக்கள் புலம்பல், பன்னிரண்டில் மருமக்கள் புலம்பல், பதினான்கில் நண்பன் புலம்பல். அந்த நண்பன் கனகலிங்கம். எப்படி ஒரு வழக்கம் பார்த்தீர்களா, ஆருடைய அழுகையோ அதைப் பண்டிதர் எழுதுவார், அழ வேண்டியவன் அச்சில் பார்த்துத்தான் தான் எப்படி அழுதான் என்று தெரிந்துகொள்ளலாம். அதுவும் பரவாயில்லை. இரண்டு கிழமைக்கு முன்னால் மார்க்கம் நகரத்தில் இருக்கிற அந்தப் பண்டிதர் போன் எடுத்துச் சொன்னதுதான் பக்கத்தைத் திறக்க விடுகிறதில்லை. "கனகலிங்கத்தார், தில்லையம்பலம் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை ஒரு கொப்பி நிறைய எழுதி வைச்சிருக்கிறார் பாருங்கோ. மகன் கொண்டுவந்து தந்தவர். உங்களைப் பற்றிக் கன விஷயம் கிடக்கு. நண்பன் புலம்பலை நான் சும்மா கட்டேல்லை, அதைப் பார்த்துத்தான் கட்டினனான்." என்ன விஷயம் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இவருக்கு ஏன் இந்தப் பதகளிப்பு என்று மனிசன் நினைப்பார். "நல்லது ஐயா, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து பதினான்கு நித்திரை கெட்டது. சரியாகப் பதினான்கு, இலக்கமும் சேர்ந்துகொண்டு பகிடி விடுகிறது.

மேடையில் ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். தில்லையம்பலத்தாரின் பொங்கோ மேளம் என்றார், எழுபதுகளில் இலங்கையையே ஆட்டிய நீலப்புயல் இசைக்குழு என்றார், அதில் பாடிப் புகழடைந்த எங்கள் உருக்கக்குரல் இன்று எம்மத்தியில் என்றார், முந்நூறு தலை திரும்பியது, கனகலிங்கம் கையைக் கூப்பினார். கூப்பிய கை கீழே இறங்கும்போது வலது தொடையில் போய்த் தானாக உட்கார்ந்தது. அந்த இடம். வேட்டிக்கு மேலாலும் விரலுக்குத் தெரியும் அந்த இடம், ஒரு சதக் காசளவு, கொஞ்சம் தடிப்பு, பார்த்தால் கறுப்பு. கலியாணம் முடித்த புதிதில் அரசி கேட்டாள், இதென்ன என்று. பிறவி மச்சம் என்றார், கலைஞர்களுக்கு இப்படி ஒன்று இருக்குமாம் என்று சாத்திரி சொன்னதாகவும் ஒரு முடிச்சுப் போட்டார். பொய் அவருக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஆனால் மச்சத்துக்கும் முந்திய பொய் ஒன்று இருக்கிறது, எல்லாப் பொய்க்கும் தாய்ப்பொய், அது கொழும்பில் ஒரு ஒலிப்பதிவு அறையில் எழுபத்திமூன்றாம் ஆண்டு ஒரு புழுக்கமான மத்தியானம் பிறந்தது. ஒரே ஒரு மைக்கு. கிற்றார்க்காரன் அந்தப் பக்கம், தில்லை இந்தப் பக்கம், தோளோடு தோள், நடுவில் இருபத்துநாலு வயதுக் கனகலிங்கம், சங்குபோலக் கிருதா. பாட்டு, கல்கிசைக் கரையில் செருப்பைக் கழட்டி வைத்துவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போன பெட்டை, திரும்பிச் செருப்பெடுக்க வராத கதை. கல்கிசைக் கரையிலே கழட்டிவைச்ச செருப்பு காத்துக் கிடக்குதடி, உன் காலுக்கு. அந்தக் காலுக்கு என்ற சொல்லுக்குப் பிறகு நாலு அட்சரம் பொறுத்து மறுபடி காத்துக் கிடக்குதடி என்று எடுக்க வேண்டும். கனகலிங்கம் மூன்றில் எடுத்துவிடுவார். எப்போதும் ஒரு அட்சரம் முந்திவிடுகிற ஆள். ஒத்திகையிலும் முந்தினார், முதல் பதிவிலும் முந்தினார், இரண்டாம் பதிவிலும் முந்தினார். எஞ்சினியர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையை விரித்தார், இன்னும் ஒருமுறைதான், அதற்குப் பிறகு அறை வேறு ஆட்களுக்கு. மூன்றாம் முறை மூன்றாம் அட்சரத்தில் வாயைத் திறந்ததும் தில்லையின் இடக்கை பொங்கோவை விட்டு இறங்கி வந்து அவருடைய தொடையைக் கிள்ளியது. சும்மா கிள்ளல் இல்லை. நகத்தால் பிடித்து, திருகி, விட்டது. திறந்த வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையுமில்லை, இருமலுமில்லை, நெஞ்சுக்குள் ஏதோ முறிந்த மாதிரி ஒரு விக்கல், அந்த விக்கல் சரியாக ஒரு அட்சரத்தைத் தின்றது, பிறகு காத்துக் கிடக்குதடி தாளத்தில் வந்து பூப்போல உட்கார்ந்தது. பாட்டு முடிந்ததும் எஞ்சினியர் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "என்ன ஃபீலிங் மச்சான், என்ன ஃபீலிங்!" என்று கட்டிப்பிடித்தார். கனகலிங்கத்துக்குத் தொடை எரிந்துகொண்டிருந்தது.

அந்த விக்கலை நாடே தூக்கிக்கொண்டு போனது. கடை வாசலில் றேடியோவுக்கு முன்னால் சனம் நின்று அந்த இடம் வரும்வரை மூச்சுப் பிடித்துக் கேட்டது. பொல்காவலையில் ஒரு ரயில் சாரதி அந்த இடம் கேட்டுக் கோச்சியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று அழுதான் என்று கனகலிங்கமே ஒரு மேடையில் சொன்னார், அடுத்த மாதம் வேறொருவன் அதை அவருக்கே வந்து சொன்னான், தன் மாமன் அந்த ரயிலில் இருந்தவராம். ஆனால் மேடையில் அந்த விக்கல் தானாக வரவில்லை. எத்தனையோ விதமாகத் தொண்டையை முறித்துப் பார்த்தார், ஆடு செருமின மாதிரி இருந்தது. அதனால் ஊர் ஊராக, கார்னிவல் கார்னிவலாக, தில்லை வலப்பக்கம் ஒட்டி நின்றான், பொங்கோவின் மறைப்பில் கை இறங்கும், நகம் பிடிக்கும், விக்கல் எழும்பும், பெட்டைகள் கண் துடைக்க லேஞ்சி எடுப்பார்கள். பெல்பொட்டம் இறுக்கிப் பிடிக்கிறது, கிள்ளு எடுபடுகிறதில்லை என்று கனகலிங்கம் மெல்லிய துணியில் காற்சட்டை தைப்பித்தார். இரண்டு பேரும் பின்னால் போய் நின்று வயிறு நோகச் சிரித்த காலமும் இருந்தது. "உன்ர ஆத்மா எங்கை கிடக்குத் தெரியுமே மச்சான்? என்ர நகத்துக்குள்ளை கிடக்கு" என்பான் தில்லை. பகிடியாகத்தான் சொன்னான். பகிடிதான். ஆனால் பேப்பர்க்காரன் வந்து, உருக்கத்தின் ஊற்று எது என்று கேட்டபோது, தில்லை பக்கத்தில் நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, அந்த நறுக் நறுக் என்ற சத்தம் ஏன் அவ்வளவு பெரிதாகக் கேட்டது? "என்னப்பா, முகமெல்லாம் வேர்க்குது. லேஞ்சி தரட்டோ?" என்றாள் அரசி. வேண்டாம் என்றார். பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில் பெருவிரல் நின்றது. தூக்கினால் தெரியும். தூக்கவில்லை.

தொடையிற் கிள்ளித் துயரிசை தந்தாய். பண்டிதர் அப்படி எழுதியிருக்கலாம், மோனை சரியாக இருக்கிறது, அந்த ஆளுக்கு மோனை கிடைத்தால் தாயையும் விற்பார். தாயையும் விற்பார்! நல்ல ஆள் சொல்ல வந்தாய் கனகலிங்கம். அந்தப் பேப்பர்க்காரனுக்கு என்ன சொன்னாய்? பாட்டுப் பதிகிற மத்தியானம், சரியாக அந்த வரியில் நிற்கும்போது, கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் தந்தியைத் தூக்கிக் காட்டினான், அம்மா போய்விட்டாள் என்று இருந்தது, பாட்டை நிறுத்தவில்லை, விக்கினேன், பாடினேன். இப்படிச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது, பொய்யில் அவ்வளவு நேர்மை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அரைப்பக்கம் வந்தது. அம்மா கொக்குவிலில் முழு உயிரோடு இருந்தாள். ஆடி மாதம், கூழுக்கு ஒடியல் மா இடித்துக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டுப் பெடிச்சி வாசித்துக் காட்ட முழுக்கக் கேட்டுவிட்டு, தபால்கந்தோருக்கு நடந்து போய்க் கொழும்புக்கு ட்ரங்கோல் எடுத்தாள். "தம்பி, நான் செத்துப்போனனாம், பேப்பரிலை போட்டிருக்கு. அந்தியேட்டிக்கு எப்ப வாறாய்?" அவ்வளவுதான் கேட்டாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மூன்று நிமிசக் கோல் முடியும்வரை அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. தில்லைதான் கொதித்தான். "டேய், கொம்மா கையாலை எத்தினை நாள் சாப்பிட்டிருப்பம். உயிரோடை இருக்கிற மனிசியை ஒரு விக்கலுக்காகச் சாக்காட்டிப்போட்டியேடா. இனி உனக்கு நான் கிள்ள மாட்டன்." வெருட்டுகிறான் என்று கனகலிங்கம் நினைத்தார். யாழ்ப்பாணத்தில் திறந்தவெளி அரங்கில் பின்னேரம் நிகழ்ச்சி, வேலிக்கு மேலாலும் சனம், உன் காலுக்கு என்று பாடி நிறுத்தித் தொடையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் கொடுத்தார். கை வரவில்லை. தில்லை இரண்டு கையாலும் பொங்கோவைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தான். கனகலிங்கம் செருமினார். ஆடு செருமின அதே செருமல். சனம் எழும்பி நின்று கை தட்டியது. அதைத்தான் அவரால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை, ஆரை என்று தெரியாது, ஆனால் மன்னிக்க முடியவில்லை. ஆட்டுச் செருமலுக்கும் அதே கைதட்டு. அதே லேஞ்சி.

அன்றைக்கு முறிந்த சிநேகிதம்தான். குழு உடைந்தது, நாடும் உடைந்தது, இரண்டு பேரும் வெவ்வேறு பிளேனில் வந்து ஒரே ஸ்காபரோவில் இறங்கினார்கள். கனகலிங்கம் வலது பெருவிரல் நகத்தை வளர்த்தார். இடக்கையில் மைக்கு, வலக்கை தொடையில், தன்னைத் தானே கிள்ளிக்கொண்டு, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள், வெள்ளிவிழா என்று நாற்பது வருசம் பாடினார். விக்கலுக்குக் கதையும் சபையைப் பார்த்து மாறியது. பாரிஸில் அது நாடு பிரிந்த துயரம், லண்டனில் செருப்பெடுக்க வராமலே போன ஒரு சிங்களப் பெட்டை, இங்கே றேடியோவில் ஒரு பிள்ளை கேட்டதற்கு, குழந்தைப் பருவத்தில் செத்துப்போன நாய்க்குட்டி. எண்பத்தேழில் அம்மா உண்மையாகச் செத்தாள். ஊரடங்குக்குள், ஆளில்லாமல், மூன்று கிழமை பிந்தித்தான் செய்தி வந்தது. தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர் கழுவுமிடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவதற்கு நின்றார். வரவில்லை. நெஞ்சு வேம்பம்பலகை மாதிரிக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாத இந்த விஷயத்தைச் சொல்லவும் கூடாது, வலது கை தானாகத் தொடைக்குப் போனது. அம்மாவுக்காகத் தன்னைக் கிள்ளினார். விக்கல் வந்தது. கண்ணீர் வரவில்லை. அந்த வடிவான, பழகிய, தாளம் தவறாத விக்கல் மட்டும் ஓடு பதித்த சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனார். தில்லையை எப்போதாவது மரக்கறிக் கடையில் காண்பார். ஒருமுறை முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவன் நிமிர்ந்து அவருடைய காற்சட்டையைப் பார்த்து, "காயம் மாறிட்டுதோ மச்சான்?" என்று கேட்டான். முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு கதைத்த முதல் கதை. கனகலிங்கம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நின்றிருக்கலாம். ஓம் மச்சான், மாறேல்லை என்று சொல்லியிருக்கலாம். கத்தரிக்காய் வாங்க வந்தவர் வாங்காமல் போய் அரசியிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"இப்ப எங்கட அப்பான்ர பெஸ்ட் ஃபிரண்ட் கனகலிங்கம் அங்கிள் கல்வெட்டுப் படிப்பார்" என்றான் மகன் நிரூபன், மழலை மாறாத நாற்பத்தைந்து வயதுத் தமிழில். பெஸ்ட் ஃபிரண்ட். "போங்கோ, செருமாமல் படியுங்கோ" என்று அரசி எழுப்பிவிட்டாள். மேடைக்குப் பத்து எட்டு நடந்தார். முன் வரிசையில் சிவயோகம், தில்லையின் மனிசி, வெள்ளைச் சேலையில், மடியில் புத்தகம், முகத்தில் ஒன்றுமில்லை. கனகலிங்கம் தொடங்கினார். வரால் துள்ளியது, வம்சம் தழைத்தது, மனைவி புலம்பினாள், மக்கள் புலம்பினார்கள், ஒவ்வொரு தாளாகத் திருப்பத் திருப்ப விரல் நுனி ஈரமாகிக் கடதாசியில் ஒட்டியது. பன்னிரண்டு. மருமக்கள் நீளமாகப் புலம்பினார்கள், இன்னும் புலம்பட்டும், இன்னும் இரண்டு மருமக்கள் இருந்திருக்கக் கூடாதா. பதின்மூன்று. இந்தச் சபையில் வைத்து என் வாயாலேயே என்னை உரிப்பிக்கப் போகிறான். கிள்ள மாட்டேன் என்றவன், ஐம்பது வருசம் பொறுத்து, செத்த பிறகு, பண்டிதரின் கையால் கிள்ளப் போகிறான். தாளைத் திருப்பினார். வாய் பாடிக்கொண்டு போக, கண் அதற்கு முன்னால் ஓடியது.

பக்கத்தில் நின்றாயே பாட்டுக்கு நிழலாகி
விக்கிநான் அழுகையிலே விலகாமல் நின்றாயே
திக்கெட்டும் என்பேரே திகழ்ந்திட்ட போதினிலும்
பக்கத்தில் நின்றவன்பேர் பகராமல் சென்றாயே

அவ்வளவுதான். கீழே இன்னும் எட்டு வரி, கண்ணீர், கடல், காலன், எல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிற சாமான். தொடை இல்லை. நகம் இல்லை. தில்லை சொல்லவில்லை. ஒரு கொப்பி நிறைய எழுதியவன் அதை மட்டும் எழுதவில்லை. நண்பன் அழுது பாடினான், நான் பக்கத்தில் நின்றேன் என்றுதான் எழுதியிருப்பான், பண்டிதர் அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார். கனகலிங்கத்துக்கு நெஞ்சு இலேசாகியிருக்க வேண்டும். பதினான்கு நித்திரையைக் கெடுத்த பாரம் அல்லவா. ஆனால் அங்கே ஒரு கோபம்தான் வந்தது, வீட்டுக்குள் கள்ளன் என்று பொல்லுத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு வெறும் வீடு கிடைத்த மாதிரி. சொல்லியிருக்கலாமேடா. ஒருத்தனுக்காவது சொல்லிவிட்டுச் செத்திருக்கலாமே. இனி இதை உலகத்தில் நான் மட்டும் தனியாக வைத்திருக்க வேண்டுமா?

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழட்டும்போது நிரூபன் மைக்கைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள், ஒன் மோர் திங். அந்தச் செருப்புப் பாட்டு. அப்பா ஹொஸ்பிட்டலிலை டெய்லி கேப்பார். அந்த அழுகிற இடம் வந்தா மட்டும் சிரிப்பார். ஏனெண்டு தெரியாது." சபை சிரித்தது, பிறகு அமைதியானது. பாடாமல் இறங்க முடியாது. வாத்தியமில்லை, தாளமில்லை. கனகலிங்கம் பாடினார். எழுபத்தைந்து வயதுத் தொண்டை, இரண்டு கட்டை இறக்கித்தான் எடுத்தார், ஆனால் கரை வந்தது, காற்று வந்தது, அநாதையாக இரண்டு செருப்பு மணலில் வந்து கிடந்தது. பின்வரிசையில் கிழடுகள் கதிரை நுனிக்கு வருவது தெரிந்தது. அவருக்கு அந்த அசைவு தெரியும், ஐம்பது வருசமாகத் தெரியும், விக்கலுக்குத் தயாராகிறார்கள். உன் காலுக்கு. நிறுத்தினார். ஒன்று. வலது கை இறங்கப் பார்த்தது. இரண்டு. இறங்காமல் அதையும் தூக்கி மைக்கைப் பிடித்தார், இரண்டு கையாலும், குழந்தை பால் குடிக்கிற போச்சிப் போத்தலைப் பிடிக்கிற மாதிரி. மூன்று. வலப்பக்கம் ஆருமில்லை. தோளுக்குத் தோள் இடிக்கிற அந்தச் சூடு இல்லை. வெறும் காற்று. நாலு. காத்துக் கிடக்குதடி என்று எடுத்தார், விக்கலில்லாமல், செருமலில்லாமல், மொட்டையாக, சுத்தமாக. ஐம்பது வருசத்தில் முதல் தடவையாக ஒருவரும் கிள்ளாமல் அவர் சரியான அட்சரத்தில் எடுத்தார். அது ஒருவருக்கும் தெரியவில்லை. சபையில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடியது, படியிருக்கும் என்று காலை வைத்தவனுக்குப் படியில்லாத மாதிரி. முன்னால் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பாவம், கனகுவுக்கு இனி ஏலாது" என்றார்.

இறங்கி வந்தபோது சிவயோகம் எழும்பி நின்றாள். கனகலிங்கம் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை. "கலியாணவீட்டிலை அழுதனீ, சாமத்தியவீட்டிலை அழுதனீ, ஆர் ஆருக்கோ எல்லாம் விக்கி விக்கி அழுதனீ. எங்கட அவருக்கு அழ மட்டும் உனக்கு மனம் வரேல்லை, என்ன கனகு?" குரலை உயர்த்தவில்லை, அதனால் சுற்றி நின்ற எல்லாருக்கும் வடிவாகக் கேட்டது. சொல்லலாம். இந்தா, இப்போது சொல்லலாம், அக்கா, அந்த அழுகை என்னுடையது இல்லை, அவனுடையது, அவன் போட்டது, அவன் கொண்டு போய்விட்டான், நான் இன்றைக்கு அதை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். வாய் திறந்தது. ஐம்பது வருசக் கதைகள், தந்தி, சிங்களப் பெட்டை, நாய்க்குட்டி எல்லாம் வரிசையில் நின்று என்னை எடு என்னை எடு என்றன, உண்மை எங்கோ பின்னால் நின்றது, அதற்குக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வரப் பழக்கமில்லை. "தொண்டை சரியில்லை அக்கா" என்றார். "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு அவள் மற்றப் பக்கம் திரும்பினாள்.

சாப்பாடு தொடங்கிவிட்டது. அரசி இரண்டு தட்டோடு வந்து ஒன்றை அவருக்கு முன்னால் வைத்தாள், சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, ஓரத்தில் முருங்கைக்காய்க் குழம்பு. "மானத்தை வாங்கிப்போட்டியள். ஒரு சின்ன விக்கல், அதை விக்கினால் என்ன குறைஞ்சா போவியள்? சனம் கதைக்குது." அவர் சோற்றைக் குழைத்தார். ஒரு வாய். இரண்டாம் வாய். முருங்கைக்காயை எடுத்துப் பிளந்தார், உள்ளே சதை, வெள்ளையாக, ஒரு விதை, காயம் மாறிட்டுதோ மச்சான். அப்போது வந்தது. ஆரும் கிள்ளவில்லை, கை இரண்டும் மேசைக்கு மேலே சோற்றோடு இருந்தன, நெஞ்சுக்குள் ஏதோ முறிந்தது, வாயில் இருந்த பருக்கை சட்டையில் சிதறியது, அந்த ஒலிப்பதிவு அறைச் சத்தம், அச்சொட்டாக அதே சத்தம், ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, நிறுத்த முடியாமல், கண்ணும் மூக்கும் ஒழுக. "ஐயோ, அங்கிளுக்குப் புரைக்கேறிட்டுது" என்று ஆரோ தண்ணீருக்கு ஓடினார்கள். அரசி எழும்பி நின்று அவருடைய உச்சந்தலையில் தட்டினாள், தட் தட் என்று. "மெள்ளச் சாப்பிடுங்கோ எண்டால் கேட்டால்தானே. ஆரோ நினைக்கினம் போலை." எதிர்க் கதிரையில் கிடந்த புத்தகத்தில் தில்லை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். எப்போதும் ஒரு அட்சரம் முந்துகிற ஆள் இன்றைக்குப் பாட்டு முடிந்து, சனம் கலைந்து, வடையும் ஆறின பிறகு வந்து சேர்ந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சிரிக்க ஒருத்தனும் இல்லை. கனகலிங்கம் தண்ணீரை வாங்கிக் குடித்தார். "ஓம்" என்றார், "காரம் கூடிப்போச்சு."